ஆய்வுச் சுருக்கத்தை யார் படிக்கிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த முதிய நோயாளிகளுக்கு மருந்துப் பையின் மேல் தமிழிலேயே குறிப்பு எழுதிக் கொடுத்தால் அவர்கள் மருந்தைச் சரியாக உண்கிறார்களா என்பதை அவரும் உடன் பணிபுரிவோரும் எட்டு மாதம் ஆராய்ந்து, கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து, சுருக்கங்கள் மிகுதியாக வந்திருப்பதால் தங்களுடையதை ஏற்க இயலவில்லை என்று ஒரே ஒரு வரி பதிலாக வந்திருக்கிறது. அதை யார் படித்தார், எதை வைத்து மறுத்தார், பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் பெயர் மேலே இருந்திருந்தால் எடுத்திருப்பார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் சுருக்கத்தை நான் பார்த்ததில்லை. அந்த மாநாட்டுக் குழுவிலும் நான் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் மருத்துவ, பொதுச் சுகாதார மாநாடுகளின் அறிவியல் குழுக்களில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரும்பாலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியும். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அங்கே மதிப்பிடப்படுவது உங்கள் எட்டு மாத ஆய்வு அன்று. அந்த ஆய்வைப் பற்றி நீங்கள் எழுதிய 250 அல்லது 300 சொற்கள் மட்டுமே. அந்தச் சொற்களையும் அவற்றின் தகுதியை மட்டும் பார்த்து மதிப்பிடுவதில்லை. மாநாட்டில் எத்தனை இடம் இருக்கிறது என்ற கணக்கோடு சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

மாநாடு என்றதும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் 1968-ஆம் ஆண்டுச் சென்னை உலகத் தமிழ் மாநாட்டின் ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் போன்ற காட்சிகளே நினைவுக்கு வருகின்றன. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1966 ஏப்ரலில், தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் இதே கோலாலம்பூரில் கூடிய முதல் மாநாடு ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை படித்து விவாதித்த கருத்தரங்கு. இன்றைய அறிவியல் மாநாடும் அடிப்படையில் அதுதான்: அறைகள், நேர அட்டவணை, பேசுவோர், கேட்போர். அறைக்கும் நேரத்துக்கும் எல்லை இருப்பதால் தேர்வு தேவைப்படுகிறது. எல்லை இல்லாவிட்டால் மதிப்பீட்டுக்கே பாதி வேலை இருக்காது.

ஒரு கணக்கைப் பாருங்கள்; எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. இரண்டு நாள் மாநாடு. அழைப்புப் பேச்சாளர்களின் உரைகள் போக, இரண்டு அறைகளில் நாளுக்கு மூன்று அமர்வுகள். ஒவ்வோர் அமர்வும் ஒன்றரை மணி நேரம். ஒருவருக்குப் பேச 12 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம் என்றால் ஓர் அமர்வில் ஆறு பேர். ஆக மொத்தம் 72 மேடைப் படைப்புகள். கூடத்தில் 200 போஸ்டர் பலகைகள், அதாவது ஆய்வைத் தாளில் அச்சிட்டு ஒட்டிக் காட்டும் பலகைகள், வைக்க இடம் உண்டு. வந்திருப்பவையோ 400 சுருக்கங்கள். எல்லாச் சுருக்கமும் அருமையாகவே இருந்தாலும் 128 பேருக்கு மறுப்பு போய்த்தான் தீரும். இடம் போதவில்லை என்று உங்களுக்கு வந்த வரி பல வேளைகளில் நாகரிகத்துக்காகச் சொல்லும் சாக்காக இருக்காது, உண்மையாகவே இருக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்றும் உண்டு; ஏற்பாட்டாளர்கள் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஏற்கப்பட்ட ஒவ்வொரு படைப்பாளரும் பதிவுக் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா மாநாடுகளிலும் விதி. ஆகவே போஸ்டர் பலகைகள் நிரம்பும் வரை குழுவினர் தாராள மனத்துடன் நடந்துகொள்வார்கள். பல மாநாடுகளில் மேடைக்குத்தான் உண்மையான போட்டி. போஸ்டருக்கு அடிப்படைத் தகுதி இருந்தால் போதும். எனவே போஸ்டருக்கே மறுப்பு வந்திருந்தால், தரத்தைத் தவிர வேறு ஏதோ ஓர் எளிய குறை இருந்திருக்குமோ என்று முதலில் பார்ப்பது நல்லது.

அந்த எளிய குறைகளைத்தான் முதல் சல்லடை பிடிக்கிறது. சுருக்கம் அனுப்புவதற்கான இறுதி நாள் முடிந்ததும் செயலகத்தில் ஒருவர், பெரும்பாலும் ஓர் இளம் விரிவுரையாளர் அல்லது மாநாட்டு நிறுவனத்தின் ஊழியர், எல்லாச் சுருக்கங்களையும் விதிப்படி சரிபார்ப்பார். சொல் எண்ணிக்கை மீறியவை, தவறான பிரிவில் போடப்பட்டவை, ஒரே ஆய்வை இரண்டாக வெட்டி இரு தலைப்பில் அனுப்பியவை, வேறொரு மாநாட்டில் ஏற்கெனவே படைத்ததைச் சொல்லாமல் மறைத்தவை ஆகியவை இங்கேயே நின்றுவிடும். மலேசியாவில் இன்னொன்றும் உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதியப்பட்டு, அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பதிவு எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருந்து, அதை நீங்கள் வெறுமையாக விட்டிருந்தால், மதிப்பீட்டாளர் கண்ணிலேயே படாமல் உங்கள் சுருக்கம் விழுந்திருக்கலாம். ஒப்புதல் இருந்தும் எண்ணை எழுத மறந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாமே என்று நான் குழுவில் சொல்வதுண்டு. சில குழுக்கள் கேட்கும், சில கேட்பதில்லை.

சல்லடையைத் தாண்டியவை மதிப்பீட்டாளர்களிடம் போகின்றன. இவர்கள் யார் என்று நீங்கள் கேட்டீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்பவர்கள் அல்லர். துறையில் சில ஆண்டு அனுபவமும் வெளியீடுகளும் உள்ள மருத்துவர்கள், மருந்தாளர்கள், தாதியர், விரிவுரையாளர்கள். குழுத் தலைவர் கேட்டுக்கொண்டதால், மறுக்க மனமில்லாமல் ஒப்புக்கொண்டவர்கள். மேலே சொன்ன 400 சுருக்கங்களை ஒவ்வொன்றுக்கும் மூவர் படிக்க வேண்டுமென்றால் 1,200 வாசிப்புகள். 40 மதிப்பீட்டாளர்கள் இருந்தால் தலைக்கு 30. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரம் அலுவல் நேரத்தில் கிடைப்பதில்லை. கிளினிக் முடிந்து, நெரிசலில் வீடு வந்து, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு, மதிப்பெண் தருவதற்கான இறுதி நாளுக்கு முந்தைய இரவில் பதினொரு மணிக்குத் திறக்கப்படும் கோப்பில் இருபத்து மூன்றாவதாக உங்கள் சுருக்கம் இருந்திருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படிப் படித்தவன்தான். ஆனால் உங்கள் எழுத்து எந்த வாசகரைச் சந்திக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பீட்டாளருக்கு வேண்டியவர், அவரோடு ஒரே துறையில் வேலை செய்பவர், அவருடைய மாணவர் ஆகியோரின் சுருக்கங்கள் அவருக்கு அனுப்பப்படக் கூடாது என்பது விதி. அப்படித் தவறி வந்துவிட்டால் அவரே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் விலகிக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் இடும் முறை மாநாட்டுக்கு மாநாடு வேறுபடும் என்றாலும் சாரம் ஒன்றுதான். ஆய்வுக் கேள்வி புதியதா அல்லது இந்த இடத்துக்கு முக்கியமானதா, முறை அந்தக் கேள்விக்குப் பொருந்துகிறதா, முடிவுகள் எண்ணோடு சொல்லப்பட்டுள்ளனவா, முடிவுரை அந்த எண்களைத் தாண்டிப் போகாமல் இருக்கிறதா, எழுத்து தெளிவாக இருக்கிறதா, மாநாட்டின் கருப்பொருளோடு ஒட்டுகிறதா என்ற கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை, அல்லது மொத்தமாக ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் தருவார்கள். கீழே ஒரு பெட்டியில் மேடைக்கா, போஸ்டருக்கா, மறுப்பா என்ற பரிந்துரையும், குழுவுக்கு மட்டுமான குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு பெரும்பாலும் ஆசிரியருக்குப் போவதில்லை. ‘மாதிரி அளவு எங்கே?’ என்பது போல இரண்டு மூன்று சொல்லில் இருக்கும், சிலர் எழுதுவதே இல்லை. உங்களுக்குக் காரணம் சொல்லப்படாததற்கு இதுவே காரணம். சொல்வதற்கு அவர்கள் கையிலேயே அதிகம் இல்லை. ஆனாலும் செயலகத்துக்கு மரியாதையாக எழுதிக் கேட்டால் மதிப்பெண்ணையாவது அனுப்பும் மாநாடுகள் உண்டு. கேட்பதில் தவறில்லை.

இனி வருவதுதான் இந்த முறையின் மிகப் பலவீனமான இடம். இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூவர் தந்த மதிப்பெண்ணைக் கூட்டி மூன்றால் வகுத்து, எக்செலில் மேலிருந்து கீழாக அடுக்குவதே பெரும்பாலான மாநாடுகளின் வழக்கம். ஆனால் மதிப்பீட்டாளர்கள் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. ஒருவர் தாராளமானவர், அவர் படித்த 30 சுருக்கங்களுக்கும் தந்த சராசரி 4.2. இன்னொருவர் கண்டிப்பானவர், அவருடைய சராசரி 2.8. முன்னவரிடம் 4 வாங்கிய சுருக்கம் உண்மையில் அவர் பார்த்தவற்றில் சராசரிக்கும் கீழே. பின்னவரிடம் 3 வாங்கியது சராசரிக்கு மேலே. அப்படியே கூட்டினால் சுமாரானது நல்லதை முந்திவிடும். ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அவரவர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகே ஒப்பிட வேண்டும். பெரிய மாநாடுகளில் சில இதை மென்பொருளிலேயே செய்துவிடுகின்றன. சிறிய மாநாடுகளில், இதை நான் வலியுறுத்திய குழுக்களிலேயே, நேரமில்லை என்று விட்டுவிட்டதும் உண்டு. அப்படி விடப்பட்ட இடத்தில் உங்கள் சுருக்கம் மூன்று கண்டிப்பானவர்கள் கையில் சேர்ந்திருந்தால் அது வெறும் விதிவசம்தான்.

சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. 4, 4, 4 வாங்கியதற்கும் 5, 5, 2 வாங்கியதற்கும் சராசரி ஒன்றே. முதலாவது, குறை சொல்ல இடமில்லாத ஆனால் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்காத ஆய்வு. இரண்டாவது இருவரைக் கவர்ந்து ஒருவரை உறுத்தியது. மூன்றாமவர் மற்ற இருவரும் கவனிக்காத பெரும் பிழையைக் கண்டிருக்கலாம், அல்லது அந்தத் துறை அவருக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். எதுவென்று தெரிய அந்தச் சுருக்கத்தைத் திறந்து இன்னொருவர் படித்தே ஆக வேண்டும். மதிப்பெண் இப்படி விலகி நிற்பவற்றைத் தனியே எடுத்து நான்காமவரிடம் கொடுக்கும் குழுதான் என் பார்வையில் ஒழுங்கான குழு.

ஒரே ஆய்வை இரண்டு குழுக்கள் படித்தால் ஒரே முடிவுக்கு வருவார்களா என்று உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூரிப்ஸ் என்று இன்று அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாட்டில், 2014-ஆம் ஆண்டு நிகழ்ச்சித் தலைவர்களாக இருந்த கொரின்னா கோர்ட்டெஸ், நீல் லாரன்ஸ் இருவரும், வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 166 கட்டுரைகளை, இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 26 கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் மாறுபட்டது. கேட்பதற்கு இது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்த மாநாட்டில் ஏற்கப்படுவதே நாலில் ஒன்றுக்கும் குறைவு என்பதால், ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு மறுத்துவிட்டது என்பதே அதன் பொருள். 2021-இல் மீண்டும் செய்தபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. அங்கே படிக்கப்பட்டவை முழுக் கட்டுரைகள். 300 சொல் சுருக்கத்தில் இணக்கம் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. என் அனுபவத்தில், மிகச் சிறந்த சிலவற்றிலும் மிக மோசமான சிலவற்றிலும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். இடையில் கிடக்கும் பெருந்தொகைதான் யார் கையில் விழுந்தது என்பதைப் பொறுத்து மேலும் கீழும் போகிறது. ஒரே ஆண்டில் என் மாணவர் ஒருவரின் சுருக்கத்தை ஒரு மாநாடு மறுத்தது. வேறொரு மாநாடு ஒரு சொல்கூட மாறாத அதே சுருக்கத்துக்குப் பரிசு தந்தது. இரண்டு குழுவிலும் எனக்குத் தெரிந்த நல்ல அறிஞர்களே இருந்தார்கள்.

பெயரைப் பார்த்து எடுப்பார்களா என்ற கேள்விக்கும் சான்று இருக்கிறது. அமெரிக்க இதய சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்கு வரும் சுருக்கங்களை 2000, 2001 ஆண்டுகளில் ஆசிரியர் பெயரும் நிறுவனமும் தெரியும்படியே மதிப்பீட்டுக்கு அனுப்பியது. 2002 முதல் அவற்றை மறைத்தது. 2000 முதல் 2004 வரை வந்த 67,275 சுருக்கங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. பெயர் தெரிந்தபோது அமெரிக்கர்களுக்கும், ஆங்கிலம் பேசும் நாட்டினருக்கும், புகழ்பெற்ற நிறுவனத்தாருக்கும் இருந்த சாதகம் பெயரை மறைத்த பிறகு குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன், அடியோடு மறையவில்லை. ஆகவே உங்கள் ஐயம் அடிப்படையற்றது அன்று. இன்று பல மாநாடுகள் பெயரை மறைத்தே அனுப்புகின்றன. ஆனால் மலேசியா போன்ற சிறிய நாட்டில் மறைப்பது பெயரளவுக்குத்தான். ‘வடக்கு மாநிலம் ஒன்றில் சிறுநீரக மாற்று மையம்’ என்று எழுதினால், அது எந்த இடம், அங்கே யார் தலைவர், அவருக்குக் கீழே யார் இதை எழுதியிருப்பார் என்பது வரை மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடும். அதே வேளையில், பெயரை மறைக்கச் சொல்லும் மாநாட்டுக்குச் சுருக்கத்தின் உள்ளே மருத்துவமனையின் பெயரை எழுதி அனுப்பினால், முதல் சல்லடையிலேயே நீக்கிவிடும் வாய்ப்பும் உண்டு. விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மதிப்பெண் பட்டியல் தயாரானதும் குழு கூடும். ஒரு சனிக்கிழமை காலை, பல்கலைக்கழகத்து அறை ஒன்றில் ஆறேழு பேர், மேசையில் நாசி லெமாக் பொட்டலங்கள், சுவரில் புரொஜெக்டர் காட்டும் பட்டியல். இங்கே நடப்பது கணக்கு அன்று, பந்தியில் ஆளை உட்கார வைப்பது போன்ற வேலை. ஓர் அமர்வில் ஆறு பேர் பேச வேண்டும். ஆறும் ஒன்றோடொன்று பேசக்கூடிய தலைப்புகளாக இருக்க வேண்டும். நீரிழிவுச் சிகிச்சை அமர்வில் ஐந்து இடம் நிரம்பி ஒன்று காலியாக இருந்தால், 3.6 வாங்கிய நீரிழிவு ஆய்வு மேடை ஏறும். தனித்து நிற்கும் தலைப்பில் 3.9 வாங்கியது போஸ்டருக்குப் போகும். ஒரே நிறுவனத்திலிருந்து பதினைந்து பேர் மேலே இருந்தால் கிழக்குக் கரை மாநிலங்களுக்கும் சபா, சரவாக்குக்கும் இடம் வேண்டும் என்று ஒருவர் சொல்வார். மாணவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். இவையெல்லாம் நியாயமான கவலைகளே. ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் சுருக்கத்தின் தரத்தைப் பற்றியது அன்று. போஸ்டர் கிடைத்தவர்கள் அதை ஆறுதல் பரிசாக நினைக்க வேண்டாம். மேடையில் 12 நிமிடம் பேசிவிட்டு இறங்குவதைவிட, தேநீர் இடைவேளையில் பலகை முன் நின்று ஒரு மூத்த ஆய்வாளரோடு அரை மணி நேரம் பேசியதால் வேலையும் கூட்டாய்வும் கிடைத்தவர்களை நான் அறிவேன்.

  

சரி, இருபத்து மூன்றாவதாகத் திறக்கப்படும் சுருக்கத்தை எது காப்பாற்றும்? நான் மறுப்புக்குப் பரிந்துரைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை ஒரே வாக்கியத்தால் அடையாளம் காட்ட முடியும்: ‘முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்.’ தரவு இன்னும் சேர்ந்து முடியாதபோது அவசரத்தில் எழுதுவது இது. மதிப்பீட்டாளர் முன்னால் இருப்பது அந்த 300 சொல் மட்டுமே. அதில் முடிவு இல்லையென்றால் அவருக்கு மதிப்பிட எதுவுமே இல்லை. இதற்கு அடுத்து வருவது, முன்னுரைக்கே பாதிச் சொற்களைச் செலவிடுவது. மலேசியாவில் நீரிழிவு பரவலாக இருக்கிறது என்று அந்த மாநாட்டுக்கு வரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு என்று வந்தது அவர்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். மிச்சச் சொற்களை முடிவுக்குச் சேமித்து வையுங்கள்.

உங்கள் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். எண்கள் மட்டும் என் கற்பனை. ‘தமிழ்க் குறிப்பு பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது’ என்று எழுதினால் படிப்பவர் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. ‘124 நோயாளிகள் குலுக்கல் முறையில் சமமாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நான்கு வாரம் கழித்து, தமிழ்க் குறிப்பு பெற்ற 62 பேரில் 48 பேரும், வழக்கமான குறிப்பு பெற்ற 62 பேரில் 35 பேரும் எல்லா மருந்தையும் சரியான வேளையில் உண்டனர். வேறுபாடு 21 விழுக்காட்டுப் புள்ளிகள், 95 விழுக்காட்டு நம்பக எல்லை 5 முதல் 37 வரை’ என்று எழுதினால், களைத்த கண்ணும் நின்று படிக்கும். அந்த நம்பக எல்லை, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு, அகலமாக இருப்பதையும் அவர் கவனிப்பார். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முடிவுரையில் நீங்களே இது சிறிய ஆய்வு, பெரிய அளவில் சோதிக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் அவர் குறை சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ‘எல்லா மருத்துவமனைகளும் உடனே இதை நடைமுறைப்படுத்த வேண்டும்’ என்று எழுதினால்தான் மதிப்பெண் குறையும்.

நோக்கம், முறை, முடிவு, முடிவுரை என்று தலைப்பிட்டுச் சுருக்கம் எழுதும் வழக்கம் மருத்துவ இதழ்களில் 1987 வாக்கில் முன்மொழியப்பட்டுப் பரவியது. குலுக்கல் முறைச் சோதனைகளின் சுருக்கத்தில், மாநாட்டுச் சுருக்கம் உட்பட, என்னென்ன இருக்க வேண்டும் என்று, இத்தகைய சோதனைகளை எழுதும் முறைக்கு வழிகாட்டும் கன்சார்ட் குழுவினர் 2008-இல் தனியாக ஒரு பட்டியலே வெளியிட்டார்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேரின் தரவைக் கணக்கில் எடுத்தீர்கள், தீங்கு ஏதும் நேர்ந்ததா, எங்கே பதிவு செய்தீர்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பவை எல்லாம் அதில் உண்டு. உங்களுடையது அந்த வகை ஆய்வாக இருந்தால் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. ஆங்கிலம் சரளமாக இல்லை என்ற கவலை வேண்டாம். இப்போது மென்பொருள் எல்லோருடைய நடையையும் வழவழப்பாக்கிவிட்டதால், நடைக்குத் தனி மதிப்பெண் கொடுப்பதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். எண் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.

தமிழ்க் குறிப்பால் பயனில்லை என்று உங்கள் முடிவு வந்திருந்தால்கூட அனுப்பியிருக்க வேண்டும். சாதகமான முடிவுகளுக்கே மாநாடுகளும் இதழ்களும் சாய்கின்றன என்பது உண்மைதான். மாநாட்டுச் சுருக்கங்களில் எத்தனை பின்னர் முழுக் கட்டுரையாக வெளிவருகின்றன என்று தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களைக் கணக்கில் எடுத்து, நூற்றுக்கு 37 மட்டுமே அவ்வாறு வெளிவந்ததைக் காட்டியது. சாதக முடிவு உள்ளவை வெளிவரும் வாய்ப்பு கூடுதல் என்றும் காட்டியது. ஏற்கப்பட்ட சுருக்கங்களிலேயே பெரும்பகுதி மாநாட்டோடு நின்றுவிடுகிறது. மறுக்கப்பட்டது நேராக இதழுக்குப் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஏற்கப்பட்டு மாநாட்டில் படைத்ததையும் முழுக் கட்டுரையாக அனுப்பலாம், மருத்துவ இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியானதாகக் கருதுவதில்லை.

மறுப்பு வந்த மனநிலையில் இருக்கும்போது மின்னஞ்சலில் இனிமையான அழைப்புகள் வரும். ‘மதிப்பிற்குரிய பேராசிரியரே’ என்று தொடங்கி, உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத மாநாட்டில் தலைமை உரை ஆற்ற அழைப்பார்கள். சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு வந்துவிடும், கட்டண விவரத்தோடு. 2016-இல் நியூசிலாந்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் பார்ட்நெக், தன் கைப்பேசியின் தானியங்கிச் சொற்பரிந்துரையைத் தட்டித் தட்டி உருவாக்கிய பொருளற்ற சுருக்கம் ஒன்றை அணு இயற்பியல் மாநாடு ஒன்றுக்கு அனுப்ப, மூன்று மணி நேரத்தில் ஏற்பு வந்தது. மறுக்கவே தெரியாத மாநாட்டின் ஏற்பு உங்கள் தன்விவரத்தில் நாளைக்குச் சுமையாக மாறும். முந்தைய ஆண்டுகளின் சுருக்கத் தொகுப்பைக் கேளுங்கள், குழுவில் இருப்பவர்களில் இருவருக்காவது எழுதி உண்மையிலேயே குழுவில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

இனி உங்கள் சுருக்கத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். மறுக்கப்பட்ட ஆய்வை இன்னொரு மாநாட்டுக்கு அனுப்புவதில் எந்த நெறிமுறைத் தவறும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அனுப்பி, இரண்டிலும் ஏற்கப்பட்டால் ஒன்றில் வராமல் போவதுதான் தவறு. அறிவித்துவிட்டு வராதவர்களின் பட்டியலைச் சில குழுக்கள் அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்கின்றன. அனுப்பும் முன், உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்து வார்டில் வேலை செய்யும் இயன்மருத்துவர் ஒருவர் போதும். மூன்று நிமிடம் மட்டும் படிக்கச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு, எத்தனை நோயாளிகள், என்ன செய்தோம், என்ன கண்டோம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறுகிறாரோ அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். பிறகு பதிவேட்டு எண்ணைக் கட்டத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இறுதி நாளின் இரவு பதினொன்றே முக்கால் வரை காத்திராமல், இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எங்கள் இணையதளங்கள் திணறுவது வழக்கம்.